மங்கு கழுவின கைக்குக் கொய்யா கழுவத் தெரியாதா?

வாங்க மொதலாளி, உக்காருங்க. சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்டத்து ஓரமா நெலம் எடுத்துக் கொய்யாவும் பப்பாளியும் போட்டாச்சாம், ஈப்போவுல வெட்டுப்பழக் கடைக்கு எடமும் பேசியாச்சாம். உங்க அத்தை சொல்லித்தான் எனக்கே தெரியும். பரவாயில்ல. பொண்ணு குடுத்த எடத்துல 'நீ'ன்னு பேசற வழக்கம் நமக்குக் கெடையாது, அதனால மரியாதையாவே நாலு வார்த்தை கிண்டல் பண்ணிக்கிறேன். வலிச்சா தேத்தண்ணியைக் குடிச்சுட்டு மறந்துடுங்க.

மொதல்ல ஒரு நல்ல சேதி. பழ யாவாரத்துல யாருக்கு வயித்தால போனாலும் பழி உங்க மேல வராது. ராத்திரி பூரா கக்கூஸுக்கும் கட்டிலுக்கும் நடந்தவன் காலையில யாரைத் திட்டுவான்? நாசி லெமாக் வித்த அம்மாவைத் திட்டுவான், ரொட்டி சானாய்க்கு ஊத்தின சாம்பாரைத் திட்டுவான். பழத்தைத் திட்ட மாட்டான். பழம் சாமிக்குப் படைக்கிறது, ஆஸ்பத்திரிக்கு வாங்கிட்டுப் போறது, அது தப்புப் பண்ணுமா? அதுக்கும் மேல, இந்தக் கிருமிங்க உடனே கணக்குத் தீர்க்கிற சாதி இல்ல. சால்மொனெல்லா உள்ள போனா 6 மணி நேரத்துலயும் வேலை காட்டும், 3 நாள் கழிச்சும் காட்டும். லிஸ்தீரியா இன்னும் பொறுமைசாலி, 70 நாள் வரைக்கும்கூட உள்ளயே உக்காந்திருக்கும். 70 நாளைக்கு முந்தி எந்தக் கடையில என்ன தின்னேன்னு எவன் ஞாபகம் வெச்சிருப்பான்? அதனால தைரியமா கடையைத் திறங்க. மாட்டிக்க மாட்டீங்க.

ஆனா ஒரு சந்தேகம் மாப்ளே, பல நாளா மனசுல கெடக்கு. உங்களை வெச்சுக்கிட்டே கேட்டுடறேன்.

நாங்க ரப்பர் தோட்டத்துல பால் வெட்டின காலத்துல இருட்டோட பெரட்டுக்கு நிப்போம். நெரைக்குப் போனதும் மரத்துல உளி வெக்கிறதுக்கு முந்தி பால் பிடிக்கிற மங்கைக் கையில எடுத்து, முந்தின நாள் ஒட்டுப்பாலைப் பிச்செறிஞ்சு, உள்ளே விரலை விட்டு ஒரு சுத்துச் சுத்தித் துடைச்சு, அப்புறந்தான் கோடு கிழிப்போம். வாளியையும் அப்படித்தான், தேய்ச்சுக் கழுவிக் கவுத்து வெச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். எதுக்கு இவ்வளவு அக்கறை? அழுக்கு மங்குல விழுந்த பாலு ஸ்டோருக்குப் போறதுக்குள்ள திரிஞ்சுடும். பாலுல கொஞ்சம் சக்கரைச் சத்து இருக்கு. கண்ணுக்குத் தெரியாத கிருமி அதைத் தின்னு பாலைப் புளிக்க வெச்சுடும், பாலு கட்டியாயிடும். அதைத் தடுக்கத்தான் அமோனியா கலப்பாங்க. கட்டிப்பாலுக்கு வெலை கம்மி. கணக்கெழுதற கிராணி வாயைத் திறந்தாருன்னா அன்னிக்குப் பொழுது விடிஞ்ச மாதிரிதான்.

பள்ளிக்கூடம் போகாத எங்க ஆத்தாவுக்கு பாக்டீரியான்னா என்னன்னு தெரியாது. ஆனா அழுக்குப் பாத்திரத்துல பாலு நிக்காதுன்னு தெரியும். தெரிஞ்சு என்ன பிரயோசனம்? தொரையோட பாலுக்கு அந்தச் சுத்தம். வேலை முடிஞ்சு லயத்துக்கு வந்ததும் அதே கையால ரம்புத்தானைப் பறிச்சு, கழுவாம, தோலைப் பல்லால கடிச்சுத் துப்பி, உள்ள இருக்கிறதை வாயில போட்டுக்குவோம். கம்பெனி லாபத்துக்கு ஒரு சட்டம், நம்ம கொடலுக்கு ஒரு சட்டம். தொரை போயி, தோட்டம் துண்டாகி, பாதி செம்பனையாச்சு, பாதி தாமானாச்சு. அந்தச் சுத்தமும் தொரையோடயே கப்பலேறிடுச்சு போல. இப்ப நெலம் உங்க கையில, பழம் உங்க பழம், மிரட்டறதுக்குக் கிராணியும் இல்ல. அதான் பயமா இருக்கு.

சரி, தோட்டத்துக்கு வருவோம். கோழிப் பண்ணைக்காரரு லோரி நெறைய கோழி எரு கொண்டாந்து மலிவா கொட்டிட்டுப் போனாராமே! கெட்டிக்காரரு நீங்க. வாசம் அத்தை வீட்டு அடுப்படி வரைக்கும் வந்துச்சு. பச்சைக் கோழி எருன்னா சால்மொனெல்லாவுக்குப் பிறந்த வீடு. அதைக் குவிச்சு, மக்கவெச்சு, குவியலுக்கு நடுவுல 55 டிகிரி சூடு 15 நாளாவது நிக்கணும், அதுக்குள்ள அஞ்சு தடவையாவது பொரட்டிப் போடணும், அப்பத்தான் கிருமி சாகும்னு அமெரிக்காக்காரன் இயற்கை விவசாயத்துக்கு விதியே எழுதி வெச்சிருக்கான். பொரட்டச் சோம்பேறித்தனம்னா, பச்சை எரு போட்ட நாள்லருந்து 90 நாள் கழிச்சுப் பறிங்கறான். மண்ணுல படற பழமா இருந்தா 120 நாள். நீங்க போன வாரம் எரு போட்டு இந்த வாரம் பப்பாளி பறிக்கிறீங்க. உங்க பப்பாளிக்கு என்ன அவசரமோ!

தண்ணிக் கதையும் கேள்விப்பட்டேன். பக்கத்து ஈயக்குட்டையில பம்பு போட்டு எறைக்கிறீங்களாம். பார்க்க நீலமா அழகாத்தான் இருக்கும், படம் புடிக்க ஆளுங்க வருவாங்க. ஆனா அந்தப் பக்கக் கரையில வாத்து வளர்க்கிறானே, அந்த வாத்துங்க கக்கூஸுக்கு எங்க போகுது மாப்ளே? வேருக்கு மட்டும் சொட்டுச் சொட்டா விட்டீங்கன்னாகூட மன்னிச்சுடலாம். மேல தூவறீங்க, பழம் நனையுது. மருந்தடிக்கிற டேங்குலயும் அதே தண்ணி. பூச்சிக்கு மருந்தடிக்கிறோம்னு நெனச்சுக்கிட்டுப் பழத்துக்குக் கிருமி அடிக்கிற ஆளுங்களை நான் நெறையப் பார்த்துட்டேன். தண்ணியை ஒரு தடவை சோதனைக்குக் குடுத்துப் பாருங்க. பம்பு வாங்கின காசுல அது எம்மாத்திரம்.

இப்ப முக்கியமான விஷயம். போன வாரம் அணில் கடிச்ச கொய்யாவைக் கொண்டாந்து, 'அத்தை, இதுதான் தித்திப்பா இருக்கும்'னு ரொம்பப் பெருமையா குடுத்தீங்க. அத்தையும் கடிச்ச பக்கத்தை மட்டும் அறுத்துப் போட்டுட்டு மிச்சத்தைத் தின்னுட்டா. அணிலுக்கு எது பழுத்ததுன்னு தெரியும், ஒத்துக்கிறேன். பல்லு வெளக்கத் தெரியுமா?

நீங்க அப்ப சின்னப் பையன். நம்ம ஈப்போ பக்கத்துல, பம்பளிமாஸுக்குப் பேர் போன தம்புன்ல நடந்த கதை இது. 1998 செப்டம்பர் வாக்குல கிந்தா வட்டாரத்துப் பன்னிப் பண்ணை ஆளுங்களுக்குக் காய்ச்சல், மயக்கம், அப்புறம் சாவு. மூளைக் காய்ச்சல், கொசுதான் காரணம்னு முடிவு கட்டிப் புகை அடிச்சாங்க, ஊசி போட்டாங்க. கொசு செத்துச்சு, ஆளும் செத்தாங்க. நோய் நெகிரி செம்பிலான் வரைக்கும் போச்சு. 1999 மார்ச்சுலதான் மலாயாப் பல்கலைக்கழகத்துல இருந்த டாக்டர் சுவா காவ் பிங் இது கொசு வேலை இல்ல, வேற வைரசுன்னு கண்டுபிடிச்சாரு. அதுதான் நீப்பா. மொத்தம் 265 பேருக்கு வந்து, 105 பேரு போயிட்டாங்க. பத்து லட்சத்துக்கு மேல பன்னிங்களைக் கொன்னு பொதைச்சாங்க.

எங்கருந்து வந்துச்சுன்னு தேடிக்கிட்டே போனவங்க தம்புன் பண்ணையில வந்து நின்னாங்க. பண்ணைக்காரரு சும்மா இருக்கிற எடத்தை வீணாக்குவானேன்னு பன்னிக் கொட்டகையை ஒட்டியே மாமரமும் மத்தப் பழ மரமும் வெச்சிருந்தாரு. ராத்திரியில பழந்தின்னி வௌவால் வரும். பாதியைத் தின்னும், பாதியைக் கொட்டகைக்குள்ள போடும். எச்சிலும் மூத்திரமும் சேர்ந்த அந்தப் பழத்தைப் பன்னி தின்னும். பன்னிகிட்டருந்து ஆளுக்கு. ஆராய்ஞ்சவங்க சொன்ன வழி இதுதான். ஒரு கடிச்ச மாம்பழம், மாப்ளே! 2018ல கேரளாவுல கோழிக்கோட்டுப் பக்கம் அதே நீப்பா வந்து 17 பேரைக் கொண்டுபோனப்ப, கடிபட்ட பழத்தைத் தொடாதீங்கன்னு வீடு வீடா சொன்னாங்க.

நீப்பா வைரசுதானே, நீங்க பேச வந்தது பாக்டீரியா பத்தித்தானேன்னு கேக்க வாயெடுக்கிறீங்க. தெரியும். பேரு வேற, வழி ஒண்ணுதான். பறவையோ அணிலோ வௌவாலோ, வாய் பட்டது, எச்சம் பட்டது, கீழ விழுந்து மண்ணுல கெடந்தது, இது மூணும் பச்சையா விக்கிற பழம் இல்ல. பீடோர்ல கொய்யாத் தோட்டத்துல போயிப் பாருங்க, ஒவ்வொரு காய்க்கும் பை கட்டியிருப்பான். பழ ஈக்காகத்தான் கட்டறான், எச்சமும் படாம இருக்கு. உங்களுக்கு அது வேலை மெனக்கேடாத் தெரியுது.

விழுந்ததை ஜூஸ் அடிச்சா யாருக்குத் தெரியும்னு நீங்க நெனக்கலாம். நெனச்சீங்க, அத்தை சொன்னா. அமெரிக்காவுல ஓட்வாலான்னு ஒரு கம்பெனி, காய்ச்சாத ஆப்பிள் ஜூஸ்தான் உடம்புக்கு நல்லதுன்னு வித்துச்சு. 1996ல அதுக்குள்ள ஈ.கோலி கிருமி போயி 60 பேருக்கு மேல படுத்தாங்க, ஒரு சின்னக் குழந்தை செத்துச்சு. தரையில பொறுக்கின ஆப்பிள் மேலயும் சந்தேகம் வந்துச்சு. 15 லட்சம் டாலர் அபராதம் கட்டினாங்க. உங்க கிட்ட அவ்வளவு இருக்கா?

பறிக்கிற ஆளுங்களுக்குக் கக்கூஸ் எங்கன்னு கேட்டேன். 'தோட்டம் பெருசு மாமா'ன்னு பதில் சொன்னீங்க. நல்ல பதில். போயிட்டு வந்து அதே கையால பழம் பறிக்கிறாங்க. விவசாய இலாகாவுல மைகேப்னு ஒரு சான்றிதழ் குடுக்கிறான், 2013லருந்து அந்தப் பேரு, அதுக்கு முந்தி 2002லருந்து சாலம்னு இருந்துச்சு. தண்ணி, எரு, மருந்து, ஆளுங்க கை கழுவற எடம், எல்லாத்தையும் வந்து பார்த்து எழுதிக்கிட்டுப் போவான். அந்தத் தாளு கெடைக்குதோ இல்லையோ, ஒரு கக்கூஸும், குழாயும், சோப்பும் தோட்டத்துல வந்துடும். எங்க காலத்துல இதைக் கேட்டிருந்தா தொரை சிரிச்சிருப்பான். இப்ப நீங்கதான் தொரை, சிரிக்காதீங்க.

பழத்தைக் கழுவறதுக்குப் பெரிய தொட்டி கட்டப் போறீங்களாம். கட்டுங்க. ஆனா கழுவினா சுத்தம்னு நம்பிடாதீங்க, கழுவித்தான் சில பேரு கெட்டாங்க. கொலராடோவுல ஜென்சன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு ராக்மெலன் போட்டாங்க. 2011ல புதுசா ஒரு மெஷின் வாங்கினாங்க. புதுசுன்னா அவங்களுக்குப் புதுசு, உருளைக்கிழங்கு கழுவற பழைய மெஷின். இண்டு இடுக்குல கழுவ முடியாது, தரையில தண்ணி தேங்கி நின்னுச்சு, கழுவற தண்ணியில குளோரினும் இல்ல. லிஸ்தீரியா குடும்பத்தோட குடியேறிடுச்சு. 147 பேரு படுத்தாங்க, 33 பேரு போயிட்டாங்க. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கோர்ட்டுல குத்தத்தை ஒத்துக்கிட்டு நின்னாங்க.

இன்னொண்ணு கேளுங்க. 1999ல பிரேசில் மாம்பழம் தின்னு அமெரிக்காவுல 13 மாநிலத்துல 78 பேருக்கு சால்மொனெல்லா, 2 பேரு செத்தாங்க. அதைத் துருவித் துருவி எழுதின கட்டுரையில மொதப் பேரு சுமதி சிவபாலசிங்கம். பேரைப் பார்த்ததும் எனக்கு மீசை துடிச்சுச்சு. அந்த டாக்டரம்மா சொன்னது என்னன்னா, பழ ஈக்காக மாம்பழத்தைச் சுடுதண்ணியில முக்கினாங்க, சரி. சூடு ஆறட்டும்னு உடனே பச்சைத் தண்ணியில போட்டாங்க, அங்கதான் வெனை. சூடா இருக்கிற பழத்தைக் குளுந்த தண்ணியில போட்டா பழம் சுருங்கி, காம்பு வழியா தண்ணியை உள்ள உறிஞ்சிக்கும். தண்ணியில கிருமி இருந்தா அதுவும் உள்ள போயிடும். அப்புறம் மேல எவ்வளவு தேய்ச்சும் பிரயோசனமில்ல. நீங்க மத்தியான வெயில்ல பறிச்ச பப்பாளியைக் கொண்டாந்து நேரா ஐஸ் தண்ணித் தொட்டியில போடறீங்களே, 'ஃப்ரெஷ்ஷா இருக்கும் மாமா'ன்னு. நெழல்ல ஆற விடுங்க. தண்ணியையும் அப்பப்ப மாத்துங்க, காலையில பிடிச்ச தண்ணி சாயங்காலம் ரசமாயிடுது.

இனிமே கடை. இங்கதான் உங்க தெறமையைப் பார்க்கணும்.

'தர்ப்பூசணித் தோலை எதுக்கு மாமா கழுவணும், தோலையா திங்கப் போறோம்?'னு அன்னிக்குக் கேட்டீங்க பாருங்க, அசந்து போயிட்டேன். நாம திங்க மாட்டோம். கத்தி திங்கும். தோல்ல இருக்கிற எருவு, குட்டைத் தண்ணி, லோரித் தூசி, மூணு பேரு கை, அத்தனையும் கத்தி முனையில ஒட்டிக்கிட்டு ஒரே வெட்டுல சதைக்குள்ள போகும். அடுத்த பழத்துக்கும் போகும். ராக்மெலன் தோலு வலை வலையா இருக்கே, அதுக்குள்ள கிருமி ஒளிஞ்சா பிரஷ் போட்டுத் தேய்க்கணும். அன்னாசிக்கும் கொய்யாவுக்கும் புளிப்பு கொஞ்சம் காவல். தர்ப்பூசணி, ராக்மெலன், பப்பாளி மூணுக்கும் அந்தக் காவலும் இல்ல, சக்கரை, தண்ணி, சூடு, கிருமிக்கு விருந்து. வெட்டின மெலனை 5 டிகிரிக்குக் கீழ வைன்னு அமெரிக்காக்காரன் சட்டம் போட்டது சும்மா இல்ல. செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்துல நம்ம ஊர் வெட்டுப்பழத்தை வாங்கிச் சோதிச்சவங்க அதுக்குள்ள சால்மொனெல்லாவைப் பார்த்திருக்காங்க.

பாசார் மாலாம்ல நம்ம ஆளுங்க கடையை நின்னு பாருங்க. கையில பிளாஸ்டிக் கையுறை. அடடா, எவ்வளவு சுத்தம்! அந்தக் கையுறையோடயே அஞ்சு வெள்ளி நோட்டை வாங்குவாரு, சில்லறையைத் துழாவுவாரு, போனை எடுத்துப் பேசுவாரு, காதைச் சொறிவாரு, அப்புறம் அதே கையால ஆசாம் பாய் தூவி ஒரு துண்டை எடுத்துக் குடுப்பாரு. அந்தக் கையுறை அவரு கையைப் பழத்துகிட்டருந்து காப்பாத்துது. தோள்ல ஒரு துண்டு. வேர்வையும் துடைக்கும், பலகையும் துடைக்கும், கத்தியும் துடைக்கும். ஒத்தைத் துண்டு ஒரு குடும்பத்தையே காப்பாத்துது. காசு வாங்க ஒரு ஆள், வெட்ட ஒரு ஆள்னு வெச்சுக்கிட்டா பாதிச் சிக்கல் தீரும். என் மகளைக் காசுப் பெட்டியில உக்கார வைங்க, மீதி சில்லறையும் பத்திரமா வீடு வந்து சேரும்.

கணக்குல நீங்க கெட்டிக்காரராச்சே, ஒரு கணக்குச் சொல்றேன். நல்ல சூடும் தீனியும் கெடைச்சா ஒரு கிருமி 20 நிமிஷத்துல ரெண்டாகும். காலையில 8 மணிக்கு ஒண்ணே ஒண்ணு வெட்டுப் பலகையில இருந்துச்சுன்னு வைங்க. மத்தியானம் 2 மணிக்கு 2,62,144. உங்க பேங்குக்காரன் குடுப்பானா இந்த வட்டி? அதனால காலையிலேயே மலை மாதிரி வெட்டிக் குவிக்காதீங்க. ஐஸ் மேல வெக்கணும், ஐஸ் தண்ணி பழத்து மேல சொட்டாம வெக்கணும், தீரத் தீர வெட்டணும். சாயங்காலம் மிஞ்சினதை நாளைக்குப் புதுசு கூட கலக்காதீங்க. கலப்பீங்க, உங்க கை சும்மா இருக்காது, அதான் முன்கூட்டியே சொல்றேன்.

டைஃபாய்டு ஊசியும், சாப்பாடு கையாளற ஆளுங்களுக்கான வகுப்பும் சட்டப்படி கட்டாயம். 2009ல வந்த உணவுச் சுகாதார விதி. ஊசி 3 வருஷத்துக்கு. போட்டுக்கிட்டு அட்டையைச் செவுத்துல மாட்டுங்க. ஆனா அந்த அட்டையைப் படிச்சுட்டு ஈ திரும்பிப் போயிடும்னு எதிர்பார்க்காதீங்க.

இதெல்லாம் கடைக்கு. வீட்டுலயும் ஒரு சேதி இருக்கு, அத்தை காதுல விழாம மெதுவா சொல்றேன். அத்தை ஆப்பிளைப் பாத்திரம் கழுவற சோப்புப் போட்டுக் கழுவறா. பழத்துத் தோலு சோப்பை உறிஞ்சிக்கும், வேண்டாம், ஓடற குழாய்த் தண்ணியில கையால தேய்ச்சாப் போதும்னு சொன்னா, 'கெழவனுக்கு என்ன தெரியும்'ங்கறா. உங்க பேச்சைக் கேப்பா. அதைவிட முக்கியம், என் மக முழுகாம இருக்கா. பப்பாளியைக் கண்ணால பார்க்கக்கூட அத்தை விடறதில்ல. ஆனா முந்தாநாளு வெட்டி ஐஸ் பெட்டியில வெச்ச ராக்மெலனைக் குளுகுளுன்னு கிண்ணத்துல போட்டு ஊட்டி விடறா. லிஸ்தீரியாவுக்கு ஐஸ் பெட்டின்னா பயம் கெடையாது, குளுர்லயும் மெதுவா வளரும். புள்ளத்தாச்சிங்களைத்தான் தேடிப் பிடிக்கும். 2018ல ஆஸ்திரேலியாவுல ராக்மெலனால 22 பேருக்கு வந்து, 7 பேரு செத்து, ஒரு கரு கலைஞ்சுச்சு. அதுக்கு 3 வருஷம் முந்தி இதே கிருமிக்காகத்தான் கலிஃபோர்னியா ஆப்பிள் ரெண்டு பிராண்டை நம்ம சுகாதார அமைச்சு கடையிலருந்து எடுக்கச் சொல்லுச்சு. அதனால அவளுக்கு வெட்டினதை வாங்கியும் குடுக்காதீங்க, வெட்டி வெச்சும் குடுக்காதீங்க. முழுப் பழமா எடுத்து, உங்க கையைக் கழுவிட்டு, பழத்தைக் கழுவிட்டு, அப்பவே வெட்டி அப்பவே குடுங்க. உங்க கடைப் பழமா இருந்தா, கொஞ்ச நாள் நான் பார்த்துட்டு அப்புறமா சொல்றேன்.

திறப்பு விழாவுக்கு நம்ம தொகுதி ஒய்பி வராராமே. வரட்டும், மாலை போடுங்க, படம் புடிங்க. ரிப்பன் வெட்டினதும் பேப்பர்காரனுக்காக ஒரு துண்டுப் பழத்தை வாயில வெச்சுக்கிட்டு நிப்பாரு, அதுக்குன்னு அரைமணி நேரத்துக்கு முந்தி வெட்டின தட்டு ஒண்ணு தனியா, ஐஸ்ல, மூடி வெச்சிருக்கணும். ரிப்பன் வெட்டின கத்தரிக்கோலைக் கழுவாம அடுத்த நாள் அன்னாசிக் கட்டைப் பிரிக்க எடுத்துடாதீங்க. எனக்கு நாற்காலி மொத வரிசையில வேண்டாம், வெட்டுப் பலகைக்குப் பக்கத்துல ஒரு ஓரமா போட்டாப் போதும்.